டிராக்டர் மின்கம்பி இணைப்பு: ஈயப்பற்றா, கிரிம்பிங்கா?

ஜவ்வாது மலையில் விளையும் சாமையும் புளியும் ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு இறங்கும் மலைப்பாதை வழியே சந்தைக்கு வருகின்றன. பொழுது சாய்ந்தபின் இறங்கும் டிரெய்லரின் பின்விளக்கு அணைந்துவிட்டால், முன்னே அமர்ந்திருக்கும் ஓட்டுநர் அதை அறியமாட்டார். பின்னே வரும் வண்டிக்காரர் அறிவதோ வளைவு திரும்பிய பிறகே. பல்பும் பாட்டரியும் நல்ல நிலையிலிருக்க, கம்பி இணைப்பு ஒன்று விட்டுப்போனதே இதற்குக் காரணமாவது உண்டு.

அறுந்த கம்பியை முறுக்கி ஈயப்பற்று வைப்பது பலரும் அறிந்த வழி. வண்டிகளில் உபயோகிக்கும் கம்பி, மெல்லிய தாமிர இழைகள் பல சேர்ந்தது. ஆகையால் வளைந்து கொடுக்கும். உருகிய ஈயம், திரியில் எண்ணெய் ஏறுவது போல, இழைகளினூடே ஏறி உறைக்குள்ளும் சிறிது தூரம் சென்று இறுகிவிடுகிறது. பிறகு வண்டி அதிரும்போதெல்லாம், ஈயம் முடிந்து வெறும் இழை தொடங்கும் ஓரிடத்திலேயே கம்பி வளைந்து, இழைகள் ஒவ்வொன்றாய் ஒடிகின்றன. உறை முழுதாயிருப்பதால் வெளியே ஒன்றும் புலப்படாது. பாத்திரத்துக்கு ஈயம் பூச உதவும் நவச்சாரத்தைக் கம்பிக்கும் இடுவது பெருந்தவறு. அதன் மிச்சம் தாமிரத்தை அரித்துவிடும். ரோசின் பசையே ஏற்றது.

கிரிம்பிங் என்பது, கம்பி முனையை உலோகக் குழலினுள் செலுத்தி, அதற்கென்றுள்ள கருவியால் நெரித்து இறுக்குதல். 1941இல் அமெரிக்காவில் தொடங்கிய ஏ.எம்.பி. கம்பெனி, விமானங்களுக்கும் கப்பல்களுக்குமென இவ்வகை முனைகளைச் செய்து பரப்பியது. இன்று தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டிகளில் பெரும்பாலான கம்பி முனைகள் இவ்வாறு நெரிக்கப்பட்டவையே. அழுத்தம் சரியாயின் இழையும் குழலும் இடையே காற்றுப் புகாதபடி ஒன்றிவிடும். ஸ்டார்ட்டருக்குச் செல்லும் தடித்த கேபிளுக்கு இதுவே தக்கது. அதில் நூறு ஆம்பியருக்கு மேலும் ஓடும்; தளர்ந்த முனை சூடேறினால், சாதாரண ஈயப்பற்று 183 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும்.

ஆனால் குழலைக் குறட்டால் நசுக்கிவிட்டு அதைக் கிரிம்பிங் என்று சொல்லிக்கொள்வதில் பயனில்லை. கம்பியின் பருமனுக்கேற்ற குழலும் கருவியும் கிடைக்காதவிடத்து, ஒழுங்காய் வைத்த ஈயப்பற்றே மேல். அப்போது பற்றின் இருபுறமும் கம்பி அசையாதபடி வண்டிச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டவேண்டும். எவ்வகை இணைப்பாயினும் கையால் இழுத்துப் பார்த்தபின், உள்ளே பசையுள்ள சுருங்கும் உறையிட்டுச் சூடேற்றினால் மழைநீர் இறங்காது. டிரெய்லர் கொக்கியருகே கம்பி திருப்பந்தோறும் வளைவதால், அங்கே இணைப்பு எதுவும் வையாமல், கம்பியைச் சற்றுத் தளர்வாகவே விடுதல் வேண்டும்.