ஆகாயத்திற் பறந்த சுறாக்கள்

அச்சமூட்டுவதற்கென்றே எடுத்த ஒரு படத்தைக் கண்டு படமாளிகை முழுவதும் வயிறு குலுங்கச் சிரிக்குமாயின், அப்படம் தோல்வியடைந்தது என்றே எவரும் கூறுவர். ஆனால் அமெரிக்காவிலே அத்தகைய தோல்வியையே கைமுதலாகக் கொண்டு ஒரு வாணிகம் நடந்து வந்திருக்கின்றது. குறைந்த பணத்தில், சில வார காலத்தில், பெரும்பாலும் தொலைக்காட்சிக்கென எடுக்கப்படும் சுறாமீன் படங்களையே இங்கு குறிப்பிடுகின்றோம். இரண்டு தலைச் சுறா, கடற்கரை மணலுக்குள் நீந்தும் சுறா, செத்த பின்னர் ஆவியாய் வந்து பழிவாங்கும் சுறா, பாதியுடல் சுறாவும் பாதியுடல் பேய்க்கணவாயுமான விலங்கு என்று இவற்றின் கதாநாயகர்கள் பலவகையினர். பார்த்ததாகச் சொல்லிக்கொள்ள நாணம். பாராமல் விடவோ மனம் வருவதில்லை. சுறாவை வறையாகவே கண்டு பழகிய யாழ்ப்பாணத்து அடுக்களைகளில் இம்மீனுக்கு இத்தனை பெருமை உண்டென்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

இவையெல்லாவற்றுக்கும் மூலம் ஒரு நல்ல படம். பீற்றர் பெஞ்ச்லி 1974 ஆம் ஆண்டில் எழுதிய நாவலைத் தழுவி, ஸ்ரீவன் ஸ்பீல்பேர்க் என்னும் இளம் நெறியாளர் 1975 இல் 'ஜோஸ்' என்ற படத்தை வெளியிட்டார். இதற்கெனச் செய்யப்பட்ட இயந்திரச் சுறா கடலின் உப்புநீர் பட்டதும் அடிக்கடி பழுதாயிற்று. 55 நாட்களில் முடிய வேண்டிய படப்பிடிப்பு 159 நாட்கள் நீண்டது. செலவும் இரு மடங்கைத் தாண்டியது. சுறா வேலை செய்யவில்லை. படத்தையோ நிறுத்த முடியாது. ஆகவே சுறாவைக் காட்டாமலே சுறாவைக் காட்டும் வழியை ஸ்பீல்பேர்க் தேடினார். நீர்மட்டத்தில் அசையும் படக்கருவி, மிதந்தோடும் மஞ்சட் பீப்பாய்கள், ஜோன் வில்லியம்ஸ் அமைத்த இரண்டே சுரங்களின் முனகல் என்பவையே சுறாவுக்குப் பதிலாயின. ஒரு மணி நேரத்துக்கு மேலாகியும் அம்மீனின் முழுவுருவைக் காணாத மக்கள், தத்தம் மனத்திலே அதனினும் கொடியதொன்றைத் தாமே படைத்துக்கொண்டனர். பழுதான ஒரு பொறி கலைக்குச் செய்த உதவி இது.

பணம் குவிந்த இடத்திற் போலிகள் முளைப்பது இயல்பு. இத்தாலியிலே 1981 இல் எடுக்கப்பட்ட ஒரு சுறாப்படம் மூலப்படத்தை அவ்வளவு நெருக்கமாகப் பின்பற்றியமையால், யூனிவேர்சல் கம்பனியார் வழக்காடி, அமெரிக்கப் படமாளிகைகளிலிருந்து அதனை அகற்றுவித்தனர். எனினும் செலவு குறைந்த படமெல்லாம் தரங்குறைந்தது என்று கொள்வது தவறு. கிறிஸ் கென்ரிஸ், லோறா லௌ என்னும் கணவனும் மனைவியும் 1,50,000 டொலருக்கும் குறைந்த தொகையில் எடுத்த 'ஓப்பின் வோட்டர்' என்ற படம் 2003 இல் வெளிவந்தது. ஆழ்கடலில் மறந்து கைவிடப்பட்ட இருவரின் கதை அது. பொய்ச்சுறா செய்யப் பணமில்லை. நடிகர் இருவரும் உடையின் கீழ் உலோக வலைக் கவசம் அணிந்து, உண்மைச் சுறாக்களின் நடுவே மிதந்தனர். அதைப் பார்த்து எவரும் சிரிக்கவில்லை.

சிரிப்பு வந்தது கணனியோடு. கணனியில் வரைந்த சுறா உப்புநீரிற் பழுதாவதில்லை; எங்கும் நீந்தும், எங்கும் பறக்கும். காட்டுவது எளிதானதும் மறைப்பதற்குத் தேவையில்லாது போயிற்று. மறைப்பு நீங்கவே அச்சமும் நீங்கிற்று. 'த அசைலம்' என்னும் கம்பனி 2009 இல் வெளியிட்ட ஒரு படத்தில், கடலிலிருந்து எழும்பிய பெருஞ்சுறா நடுவானிற் செல்லும் பயணிகள் விமானத்தைக் கௌவி இழுக்கின்றது. அவ்வளவு உயரத்துக்கு அது எவ்வாறு துள்ளியது என்று கேட்பவர் இப்படத்துக்குரிய இரசிகர் அல்லர்.

இவற்றுள் பெரும் புகழ் பெற்றது அக்கம்பனியே தயாரித்த 'ஷார்க்நேடோ'. 2013 யூலை 11 ஆம் திகதி இரவு 'சைஃபை' தொலைக்காட்சியில் இது முதன்முதலாகக் காட்டப்பட்டது. சுழற்காற்று கடல்நீரோடு சுறாக்களையும் அள்ளியெடுத்து லொஸ் ஏஞ்சலிஸ் நகரின்மேற் பொழிகின்றது. ஒரு காட்சியிற் கொட்டும் மழை. அடுத்த காட்சியில் அதே தெருவில் வெயில். இறுதியில் வானிலிருந்து வாய்பிளந்து விழும் சுறாவினுள் கதாநாயகன் இயந்திர வாளுடன் தானே பாய்ந்து, அதன் வயிற்றைக் கிழித்து வெளிவருகின்றான். முன்னரே விழுங்கப்பட்ட பெண்ணொருத்தியையும் உடன் மீட்டு வருகின்றான்! அன்றிரவு பார்த்தோர் தொகை பெரிதன்று. ஆயின் அவர்கள் ருவிற்றரில் நிமிடந்தோறும் ஆயிரக்கணக்கான செய்திகளை எழுதி ஒருவரோடொருவர் சிரித்துக்கொண்டனர்; அப்பேச்சைக் கேட்டவர்களால் மறு ஒளிபரப்புகளுக்குப் பார்வையாளர் பெருகினர்.

இவ்வின்பத்தின் திறவுகோல் அந்தச் சிரிப்பிலேயே இருக்கின்றது. நல்ல படம் பார்ப்பவனைத் தனியனாக்கி, இருளிலே அச்சத்தோடு விடுகின்றது. மலிவான படமோ பக்கத்திலிருப்பவனோடு பேச விடுகின்றது. அடுத்து மடியப்போவது யார் என்று பந்தயம் கட்டலாம், பிழை பிடிக்கலாம், நெறியாளரைவிடத் தாம் அறிவாளிகள் என்ற மகிழ்ச்சியையும் அடையலாம். ஊர்த் திருவிழாக் கூத்திலே அரக்கனின் மீசை கழன்று விழும்போது சபையிலெழும் ஆரவாரம் இவ்வகையினதே.

ஆனால் மீசை தானாக விழ வேண்டும். சூசன் சொன்ராக் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1964 இல் இத்தகைய சுவையைப் பற்றி எழுதிய கட்டுரையில், தன்னையறியாத வெகுளித்தனமே இதற்கு உயிர் என்றும், வேண்டுமென்றே செய்வது அத்துணை இன்பம் தராது என்றும் காட்டினார். 'ஷார்க்நேடோ' 2018 வரை ஆறு படங்களாக நீண்டது. பிந்தியவை சுறாவை விண்வெளிக்கும் கடந்த காலங்களுக்கும் அனுப்பின. கோமாளி தன் பகடிக்குத் தானே முதலிற் சிரித்தால் சபை அடங்கிவிடும். பின்வந்த படங்களுக்கு நேர்ந்தது பெரும்பாலும் அதுவே.

குற்றவுணர்வைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். இப்படங்களை இரசிப்போர் தம் இரசனை தாழ்ந்ததென்று வெட்கப்படுகின்றனர். வெட்கப்பட வேறு காரணம் உண்டு. அது இவற்றினிடம் இல்லை. உலகெங்கும் ஓராண்டில் மனிதன் சீண்டாமலே சுறா கடிக்கும் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நூறுக்கும் குறைவு; அவற்றில் இறப்போர் மிகச் சிலர். மனிதன் கொல்லும் சுறாக்களோ ஆண்டுக்குச் சுமார் 10 கோடி என 2013 இல் ஆய்வாளர் மதிப்பிட்டனர். இதிற் பெரும்பகுதி மீன்பிடியால் நேர்வது, படத்தால் அன்று. ஆயினும் சுறாவைக் கொல்வது வீரம், அதன் அழிவு இழப்பன்று என்ற மனப்பாங்கை வளர்த்ததில் 'ஜோஸ்' படத்துக்குப் பங்குண்டு. கண்டவர் அதை நம்பினர். ஆறு தலைச் சுறாவை நம்பிக் கடலுக்கு அஞ்சியவர் எவருமில்லை.

நாவலாசிரியர் பெஞ்ச்லி தம் பிற்காலத்தைச் சுறாக்களைக் காக்கும் முயற்சியிலே செலவிட்டு 2006 இல் காலமானார். இன்றைய அறிவோடு அந்நாவலைத் தம்மால் எழுத முடியாது என்று அவர் கூறிவந்தார். ஸ்பீல்பேர்க்கும் 2022 டிசெம்பரில் பிபிசி வானொலி நிகழ்ச்சியொன்றில், அந்நூலாலும் படத்தாலும் சுறாக்களுக்கு நேர்ந்த அழிவையிட்டு உண்மையாகவே வருந்துவதாகச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 76. படம் வெளிவந்து 47 ஆண்டுகள் ஆகியிருந்தன.