வணங்கும் முதுகு வருந்தாதிருக்க

கொடிமரத்தின் முன் விழுந்து வணங்குவதும், விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலமிடுவதும், குனிந்து அகல்விளக்கு ஏற்றுவதும் நம் இல்லங்களில் வழிவழியாக வந்த பழக்கங்கள். முதுமையை எட்டிய அன்பர்கள் பலருக்கு இன்று இவையே அச்சம் தருவனவாகிவிட்டன. கீழே விழுந்து வணங்கினால் மீண்டும் எழ முடியுமோ என்று தயங்கி, மனக்குறையோடு நின்றபடியே கைகூப்பித் திரும்புவோரை எல்லாக் கோயில்களிலும் காணலாம். காரணம், கீழ்முதுகு வலி.

2020ஆம் ஆண்டில் உலகில் சுமார் 61.9 கோடிப் பேர் இவ்வலியால் துன்புற்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவர்களுள் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்கு, இதுதான் காரணம் என்று சுட்டத்தக்க தனி நோய் எதுவும் இருப்பதில்லை என்றும் அந்நிறுவனம் கூறுகிறது. ஆகவே, குனிவதையே விட்டுவிட வேண்டும் என்று பெரும்பாலோர் அஞ்ச வேண்டியதில்லை. குனியும் முறையை மாற்றிக்கொள்வதும், தகுந்த சிகிச்சையை நாடுவதுமே தேவை.

குனியும்போது நிகழ்வது என்ன?

கீழ்முதுகில் ஐந்து முள்ளெலும்புகள் உள்ளன. அவற்றின் இடையே மெத்தை போன்ற வட்டுகள் அமைந்துள்ளன. இவற்றையே நாம் பேச்சுவழக்கில் ‘டிஸ்க்’ என்கிறோம். முழங்காலை மடக்காமல் இடுப்பை மட்டும் வளைத்துக் குனியும்போது, உடலின் மேற்பாதி எடை முழுவதும் துலாக்கோலின் நீண்ட முனையில் தொங்குவது போலாகிறது. அதைத் தாங்கும் தசைகளோ முதுகெலும்பை ஒட்டியே இருப்பதால், பல மடங்கு விசையோடு இழுக்க வேண்டியுள்ளது. சுவீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960களில் வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிமிர்ந்து நிற்கும்போது இருப்பதைவிட முன்புறம் சாயும்போது அழுத்தம் மிகுவதையும், கையில் சுமை இருந்தால் அது மேலும் கூடுவதையும் அவர் கண்டறிந்தார்.

விடியற்காலைக்கு மற்றொரு தனித்தன்மை உண்டு. இரவில் படுத்திருக்கையில் வட்டுகள் நீரை ஈர்த்துச் சற்றே உப்புகின்றன. எழுந்தவுடன் ஆழக் குனிந்தால் அவற்றின்மீது அழுத்தம் மிகுதியாகிறது. நாள்பட்ட முதுகுவலி உள்ளவர்கள் அதிகாலையில் குனிவதைத் தவிர்த்தபோது வலி குறைந்தது என்பதை, அமெரிக்க ஆய்வாளர் ஸ்டோவர் ஸ்நூக் குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

கைகளால் செய்யும் சிகிச்சை

‘கைரோபிராக்டிக்’ என்னும் சிகிச்சைமுறை 1895ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில் டி. டி. பால்மர் என்பவரால் தொடங்கப்பட்டது. கையால் செய்வது என்னும் பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து இப்பெயர் பிறந்தது. ஏறக்குறைய எல்லா நோய்களுக்கும் முள்ளெலும்பின் பிறழ்ச்சியே காரணம் என்று பால்மர் கருதினார். இக்கருத்தை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. ஆயினும், கீழ்முதுகு வலியைப் பொறுத்தவரை முதுகெலும்பைக் கையால் இயக்கும் முறைக்கு ஓரளவு பயன் உண்டு என்பது ஏற்கப்பட்டுள்ளது. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் வெளியிட்ட நெறிமுறையும், உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட நெறிமுறையும் இதனை மருந்தில்லாச் சிகிச்சைகளுள் ஒன்றாகச் சேர்த்துள்ளன.

சிகிச்சையாளர் முதலில் நோயாளியின் குனிவு, நிமிர்வு, கால்களின் வலிமை ஆகியவற்றைச் சோதிப்பார். பின்னர் ஒருக்களித்தோ குப்புறவோ படுக்கவைத்து, குறிப்பிட்ட மூட்டில் விரைவான சிறு அழுத்தம் கொடுப்பார். அப்போது ‘சொடக்’கென்று ஓர் ஒலி எழலாம். இடம் மாறிய எலும்பு தன் இடத்தில் பொருந்திய ஒலி என்று அதனைப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில், மூட்டுநீரில் வாயுக்குமிழ் உருவாவதால் எழும் ஒலியே அது. தசையின் இறுக்கம் தளர்ந்து, வலி தணிந்து, அசைவு எளிதாவதே இச்சிகிச்சையின் பயன். ஓரிரு நாள் உடல்வலி இருக்கக்கூடும். நிலைத்த பயனுக்கு உடற்பயிற்சியும் தொடர வேண்டும்.

யாருக்கு ஏற்றதன்று?

எலும்பு அடர்த்தி குறைந்தவர்களுக்கு இவ்வழுத்தத்தால் முறிவே ஏற்படலாம். முதிய பெண்மணிகளும், நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து உண்டவர்களும் எலும்பின் உறுதியைச் சோதித்த பின்னரே முடிவெடுக்க வேண்டும். புற்றுநோய் கண்டவர்களும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்களும் அதை முன்னதாகவே கூறுதல் அவசியம். கால் மரத்துப்போதல் அல்லது வலுவிழத்தல், சிறுநீர் மலம் கட்டுப்பாடின்மை, காய்ச்சலோடு கூடிய வலி, விழுந்த பின் தோன்றும் கடும் வலி ஆகியவை இருப்பின் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும்.

நம் நாட்டில் இத்துறையில் முறையாகப் பட்டம் பெற்றவர்கள் மிகக் குறைவு. எனவே முதலில் எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபி நிபுணரையோ கலந்துகொள்வதே நலம். முடிதிருத்தும் நிலையத்தில் கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுப்பதை இச்சிகிச்சையென மயங்கலாகாது. கழுத்து இரத்தக்குழாய்க்கு அதனால் அரிதாகவேனும் பெருந்தீங்கு நேர்ந்ததுண்டு.

வழிபாட்டில் குனியும் முறை

எழுந்தவுடன் கோலமாவை எடுக்காமல், சிறிது நேரம் உலவி, பிற வேலைகளை முடித்த பின் கோலமிடலாம். கோலம் சிறியதாயினும் குறையில்லை. இடையிடையே நிமிர்ந்து நிற்பது நன்று. விளக்கைச் சற்று உயர்ந்த மேடையில் வைத்தால் குனியும் தேவையே குறையும். தண்ணீர்க் குடத்தை எட்ட நின்று தூக்காமல், முழங்காலை மடக்கி, உடலோடு அணைத்துத் தூக்க வேண்டும்.

நமஸ்காரம் செய்யும்போது ஒரு முழங்காலை முதலில் ஊன்றி, பின்னர் கைகளைத் தரையில் பதித்து, மெல்ல உடலைத் தாழ்த்தலாம். எழும்போது பக்கவாட்டில் திரும்பி, கைகளை ஊன்றி, ஒரு காலை முன்வைத்து, அருகிலிருப்பவரின் கையையோ சுவரையோ பற்றி எழலாம். வலி மிகுந்த நாளில் தலைமேல் கைகூப்பி வணங்கினால் போதும். அதனால் வழிபாட்டில் குறையொன்றும் நேராது.

நாட்கணக்கில் படுக்கையில் கிடப்பது முதுகை மேலும் தளரச் செய்யும். இடுப்புப் பட்டையையும் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட வலிக்குப் பரிந்துரைக்கவில்லை. அளவான நடையே முதுகுக்கு உற்ற துணை. அந்த நடை பிரகார வலமாகவே நமக்கு வாய்த்திருக்கிறது. அவசரமின்றி, இயன்ற சுற்றுகளோடு தொடங்கி, நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டி வந்தால், வழிபாட்டோடு உடல்நலமும் கைகூடும்.