ஆட்டத்திற்கு முன் உடலை ஆயத்தம் செய்தல்

புகாரின் மருவூர்ப்பாக்கத்தில் பட்டும் மயிரும் பருத்தியும் கொண்டு நெய்த காருகர் வாழ்ந்தமையைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. அன்று முதல் இன்று வரை நெசவாளிக்கும் உழவனுக்கும் உடலே முதற் கருவியாகும். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் தறியில் மிதி மிதிபடாது. இடுப்புப் பிடித்துக்கொண்டால் நடவு நடவாது. அன்றைய கூலியும் இல்லை.

பகல் முழுவதும் தறிக்குழியில் அமர்ந்தோ வயலில் குனிந்தோ உழைத்த இளைஞர், மாலையில் நேரே சடுகுடுக் களத்தில் இறங்குவதுண்டு. அவருட் சிலர் தரையில் அமர்ந்து, கால் விரலைப் பற்றி இழுத்து, அசையாது நெடுநேரம் இருப்பர். இவ்வாறு தசையை நீட்டினால் சுளுக்கு வாராது என்பது அவர்கள் நம்பிக்கை. இது எவ்வளவு பொருந்தும்?

ஆஸ்திரேலியப் படையில் புதிதாகச் சேர்ந்த 1538 பேரைக் கொண்டு இதனைச் சோதித்து, முடிவை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இரு பிரிவினரும் பயிற்சிக்கு முன் உடலைச் சூடேற்றினர். ஒரு பிரிவினர் மட்டும் கால்தசைத் தொகுதிகள் ஆறனையும் தலைக்கு 20 விநாடி நீட்டினர். பன்னிரண்டு வாரங்களின் முடிவில் இரு பிரிவினரின் காயங்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மேலும், ஒரே தசையை ஒரு நிமிடத்திற்கு மேல் நீட்டி நிறுத்தினால் அதன் வலிமை சிறிது நேரம் குறைவதாகவும் பிற ஆய்வுகள் காட்டுகின்றன. பாடிச் செல்பவனுக்கு அது நன்றன்று.

அங்ஙனமாயின் காப்பது எது? அசைவே. உடல் இயங்கும்போது தசையில் குருதியோட்டம் மிகும், வெப்பம் ஏறும், தசை விரைந்து சுருங்கி விரியும். அசையாது நீட்டுவதால் இவ்வெப்பம் உண்டாவதில்லை. நார்வே நாட்டில் கால்பந்தாடும் 13 முதல் 17 வயதுவரையுள்ள பெண்களிடையே நிகழ்ந்த ஆய்வொன்று 2008இல் வெளியாயிற்று. மெல்லோட்டம், கால் வலிமைப் பயிற்சி, சமநிலைப் பயிற்சி ஆகியவற்றைச் சுமார் 20 நிமிடம் செய்தவர்க்கு மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தன.

ஆகவே நம் இளைஞர் பின்வரும் முறையைக் கைக்கொள்ளலாம்:

1. முதல் ஐந்து நிமிடம் களத்தைச் சுற்றி மெல்ல ஓடுக.

2. பின்னர்க் கால்களை முன்னும் பின்னும் வீசுதல், தோள்களைச் சுழற்றுதல், இடுப்பைத் திருப்புதல், அரைகுறையாக உட்கார்ந்தெழுதல் ஆகியவற்றைப் பத்துப்பத்து முறை செய்க.

3. இறுதியில் சிறு தூரம் விரைந்தோடித் திடீரென நின்று திரும்பிப் பழகுக.

தசை நீட்டல் பயனற்றது என்று கொள்ளற்க. நாள்தோறும் செய்துவரின் மூட்டுகள் தாராளமாக மடங்கும். காலை எட்டி நீட்டித் தொடுவோர்க்கு அது வேண்டும். உடல் சூடேறிய பின், வலி தோன்றாத அளவில், இருபது விநாடி போதும். நெடிய நீட்டலை ஆட்டம் முடிந்த பின் செய்க.

தொழில் நேரத்திலும் இதே விதி பொருந்தும். நெய்வோர் மணிக்கொரு முறை குழியினின்று எழுந்து சிறிது நடக்க வேண்டும். நடவு செய்யும் பெண்டிர் வரப்பையடைந்ததும் நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து மெல்லப் பின்சாய வேண்டும். வீக்கமோ மரமரப்போ கண்டால் இழுத்துவிடுதலைத் தவிர்த்து, ஆரம்ப சுகாதார நிலையத்தை நாடுக.

இதற்குக் கடனும் வேண்டா, மானியமும் வேண்டா. சங்கங்கள் நடத்தும் பந்தயங்களில் ஆட்டத்திற்கு முன் கால்மணி நேரத்தை இதற்கென ஒதுக்கினால், மறுநாள் தறியும் ஏரும் ஆளின்றி நில்லா.