பனிமலையின் வானிலை அறிக்கை



நம் நாட்டில் வெண்பனி பொழிவதில்லை. கேமரன் மலையில் குளிர் உண்டு, மூடுபனி உண்டு. வானிலிருந்து பஞ்சுபோல் உதிரும் பனி இல்லை. விடியற்காலைப் புல்லில் நாம் காணும் துளியையும் பனி என்றே சொல்கிறோம். ஆதலின் குழப்பம் நேராதிருக்க, குளிர்நாடுகளில் பொழிவதை இக்கட்டுரையில் வெண்பனி என்றே குறிப்பிடுவேன்.

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைகளில் மக்கள் கால்களில் நீண்ட பலகைகளைப் பூட்டிக்கொண்டு சரிவுகளில் வழுக்கிச் செல்வதைத் தொலைக்காட்சியில் கண்டிருப்பீர்கள். பனிச்சறுக்கு எனப்படும் அவ்விளையாட்டிற்குச் செல்வோர், காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது வானிலை அறிக்கையைத்தான். அதனை அரைகுறையாகப் படித்து உயிரிழந்தோரும் உளர்.

சுவிட்சர்லாந்து நாட்டின் டாவோஸ் நகரை எடுத்துக்கொள்வோம். நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,560 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து மலை இரயிலிலும் கம்பிவட ஊர்தியிலும் ஏறினால் 2,844 மீட்டர் உயரமுள்ள சிகரத்தை அடையலாம். மேலே செல்லச் செல்ல வெப்பம் குறையும். 1,000 மீட்டருக்குச் சுமார் 6 அல்லது 7 பாகை செல்சியஸ் குறைவது வழக்கம். ஆகவே, நகரத்தில் 4 பாகை வெப்பமும் மழையுமாக இருக்கும் அதே வேளையில், சிகரத்தில் சுழியத்திற்குக் கீழே 4 பாகையாகி வெண்பனி பொழியக்கூடும். "30 செண்டிமீட்டர் புதுப்பனி" என்று அறிக்கை கூறினால், அது அடிவாரத்திற்கா, உச்சிக்கா என்று கேட்க வேண்டும். இதனால்தான் அறிக்கைகளில் பனி பொழியும் உயர எல்லையையும் தனியே குறிப்பிடுகிறார்கள்.

அளவுக்கு அடுத்தது தன்மை. 10 மில்லிமீட்டர் மழைக்குரிய நீர் வெண்பனியாக விழுந்தால் சுமார் 10 செண்டிமீட்டர் உயரத்திற்குப் படியும். கடுங்குளிரில் விழுந்தால் இன்னும் இலேசாகி, அதைவிட உயரமாகக் குவியும். நாம் கடையில் வாங்கும் ஐஸ் கச்சாங்கை நினைத்துப் பாருங்கள். அப்போதுதான் சீவிய ஐஸ் பொலபொலவென்று இருக்கும்; சற்று நேரம் வைத்திருந்தால் நீர் கோத்துக் கனத்துவிடும். மலையிலும் அப்படியே. வெயில் நாளில் உருகிய மேற்பரப்பு இரவில் உறைந்து கண்ணாடிபோல் இறுகும். காலையில் சறுக்குவோர் கால் நிலைகொள்ளாது. நண்பகலுக்குப்பின் அதுவே கூழாகிவிடும்.

இவையெல்லாம் விளையாட்டின் சுகத்தைப் பற்றியவை. உயிரைப் பற்றியவை இனிமேல்தான் வருகின்றன.

வெண்பனி ஒரே நாளில் படிவதன்று. ஒவ்வொரு பொழிவும் முந்தியதன்மேல் ஓர் அடுக்காய் அமைகிறது. தெளிந்த குளிர் இரவுகளில் மேற்பரப்பில் சர்க்கரைபோன்ற தளர்ந்த பளிங்குகள் உண்டாகும். குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் படரும் வெள்ளைத் துகள்களைப் போன்றவை அவை, ஒன்றோடொன்று ஒட்டாதவை. அவற்றின்மேல் கனமான புதுப்பனி விழுந்தால், மணல்மேல் கட்டிய சுவருக்கு ஒப்பாகும். காற்றும் சும்மா இருப்பதில்லை. மலையின் ஒரு பக்கத்துப் பனியை வாரிக் கொண்டுபோய் மறுபக்கத்தில் குவித்து, இறுகிய பலகைபோல் ஆக்கிவிடும். சரிவு 30 பாகைக்கு மேற்பட்டிருந்தால் அப்பலகை முழுவதுமாகப் பெயர்ந்து கீழே பாயக்கூடும். இதனையே பனிச்சரிவு என்கிறோம். (30 பாகை எவ்வளவு என்பதை உங்கள் பாகைமானியில் வரைந்து பாருங்கள். பார்வைக்கு அச்சமூட்டும் சாய்வாகத் தோன்றாது.)

டாவோஸ் நகரில் இதற்கென்றே ஓர் ஆய்வு நிலையம் உள்ளது. அதற்கு மேலே, 2,540 மீட்டர் உயரத்திலுள்ள களத்தில் 1936ஆம் ஆண்டு முதல் வெண்பனியை அளந்து வருகிறார்கள். குளிர்காலத்தில் நாள்தோறும் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் இந்நிலையம் பனிச்சரிவு அறிக்கையை வெளியிடுகிறது. அபாயத்தை 1 முதல் 5 வரை எண்களால் குறிக்கும் முறை 1993ஆம் ஆண்டு முதல் ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவாயிற்று.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். 5க்கு 3 என்றால் நடுத்தரம், தேர்வில் தேர்ச்சி பெற்றதுபோல் என்று எண்ணிவிடுகிறார்கள். இது தேர்ச்சித்தாள் அன்று! ஒவ்வோர் எண்ணுக்கும் அபாயம் ஒரு படி மட்டும் ஏறுவதில்லை, மடங்காகப் பெருகுகிறது. மூன்றாம் நிலையில், செங்குத்தான சரிவில் ஒரே ஓர் ஆளின் எடையே பனியைப் பெயர்க்கப் போதுமானதாகலாம். சுவிட்சர்லாந்தில் குளிர்கால நாள்களில் மூன்றில் ஒரு பங்கு அளவே மூன்றாம் நிலை அறிவிக்கப்படுகிறது. உயிரிழப்புகளில் ஏறக்குறையப் பாதி அந்நாள்களில் நேர்கின்றன. நான்கும் ஐந்தும் வந்தால் மக்கள் அஞ்சி விலகுகிறார்கள். மூன்றுக்கு அஞ்சுவதில்லை. மேலும், பனிச்சரிவில் சிக்கும் சறுக்குவோருள் பத்தில் ஒன்பது பேர், தாமோ தம்முடன் வந்தோரோ கிளப்பிய சரிவிலேயே சிக்குகிறார்கள்.

அபாயம் உச்சநிலையை எட்டினால் ஊருக்குள் இருப்போருக்கும் காவல் இல்லை. 1999ஆம் ஆண்டு சனவரி, பிப்ரவரி மாதங்களில் ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில் வாரக்கணக்கில் வெண்பனி கொட்டியது. கால்டூர் என்னும் சிற்றூருக்குச் செல்லும் சாலை மூடப்பட்டதால், விடுமுறைக்கு வந்தோர் ஊரிலேயே அடைபட்டனர். பிப்ரவரி 23ஆம் நாள் பிற்பகலில் மலையிலிருந்து இறங்கிய பனிச்சரிவு, பாதுகாப்பானதென வரையறுக்கப்பட்டிருந்த வீடுகள் வரை பாய்ந்தது. 31 பேர் மாண்டனர். மறுநாள் அருகிலுள்ள வால்சூரில் மேலும் 7 பேர் மாண்டனர். பின்னர் அங்கே தடுப்புச்சுவர் எழுப்பினார்கள். அபாய வரைபடங்களையும் திருத்தினார்கள்.

பனிக்குள் புதைந்தவரைப் பத்து நிமிடத்திற்குள் தோண்டியெடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பர். அரைமணி நேரம் கடந்தால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. வெளியிலிருந்து உதவி வரும்வரை காத்திருக்க இயலாது. எனவேதான், குறியிட்ட பாதைகளை விட்டு வெளியே செல்வோர் குறியலை அனுப்பும் கருவி, துழாவும் கோல், மண்வாரி ஆகிய மூன்றையும் ஒவ்வொருவரும் சுமந்து செல்கின்றனர்.

குறியிட்ட பாதைகளுக்கோ காவலர் உண்டு. கனத்த பொழிவு நின்ற மறுநாள், பயணிகள் உறங்கிக்கொண்டிருக்கும் விடியற்பொழுதிலேயே அத்தொழிலாளர்கள் மலையேறி, ஐயத்திற்குரிய சரிவுகளில் வெடி வைத்துப் பனியைத் தாமே இறக்கிவிடுகிறார்கள். அன்று கம்பிவட ஊர்திகள் தாமதமாகவே திறக்கும். ஊரார் அதற்காக முணுமுணுப்பதில்லை. மலையில் வெடியோசை கேட்டதும், இன்று சற்று நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டு அடுத்த கோப்பைக் காப்பியை ஊற்றிக்கொள்வார்கள்.