நூலக மாணவருக்குத் தொழில்நுட்பக் கூடத்தில் என்ன வேலை?

நூலகவியலில் முதுகலை படிப்பவர் பயிற்சிக்குப் போனால் புத்தகம் அடுக்குவார் என்றுதான் பலரும் எண்ணுகிறோம். அமெரிக்காவின் ஹார்வர்டு சட்டப் பள்ளி நூலகத்தில் இருக்கும் புத்தாக்கக் கூடத்தைப் பாருங்கள். அங்கு நடக்கும் வேலையே வேறு.

2013-இல் ஹார்வர்டு அறிஞர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் சான்றாகக் காட்டப்பட்ட இணைய முகவரிகளில் ஏறக்குறைய பாதி, நீதிபதி பார்த்த தகவலைக் காட்டவில்லை. தீர்ப்பு இருக்கிறது, ஆதாரம் இல்லை! நாளை அதை வைத்து வாதாடுபவர் எதைக் காட்டுவார்? அந்த ஆண்டே 'பெர்மா' சேவையை இக்கூடம் தொடங்கியது. மேற்கோள் காட்டும்போதே அந்தப் பக்கத்தைப் படியெடுத்து, மாறாத முகவரி ஒன்றைத் தந்துவிடுகிறது.

சுமார் 4 கோடிப் பக்கத் தீர்ப்புகளையும் நூல்களின் முதுகை அறுத்து (நமக்கு நெஞ்சு பதறத்தான் செய்கிறது) ஸ்கேன் செய்து, 2018-இல் இணையத்தில் வைத்தார்கள்.

இதுபோன்ற கூடத்துக்கு வரும் மாணவர் கணினி நிரல் எழுதப் பழகலாம். ஆனால் எந்தப் பக்கம் எந்த வழக்குக்குரியது என்று பிரித்தறிய நூலகவியல் படிப்புதான் கைகொடுக்கும். வழக்கு எண்ணில் உள்ள ஒன்றைக் கணினி 'எல்' என்ற ஆங்கில எழுத்தாகப் படித்துவிட்டால், தேடுபவருக்கு அந்த வழக்கே அகப்படாது.