வாய் கொப்புளித்தல்

பனவடலிசத்திரம் என்னும் எங்கள் ஊர்ப்பெயரைப் பிரித்தால் அதில் வடலியும் சத்திரமும் இருக்கக் காணலாம். வடலி என்பது இளம்பனை. சத்திரம் என்பது வழிப்போக்கர் தங்கிச் செல்லும் இடம். சத்திரத்தை அடைந்த வழிப்போக்கர் கைகால் கழுவி, வாய் கொப்புளித்த பின்னரே இலைமுன் அமர்வது நம் நாட்டு வழக்கம். உண்டு எழுந்ததும் மறுபடியும் கொப்புளிப்பர். இதனை எவரும் நமக்குப் பாடமாகக் கற்பிக்கவில்லை; பெரியோரைக் கண்டு பழகினோம்.

இந்நாளில் அச்செயலுக்கென்றே நிறமும் மணமும் ஊட்டிய மருந்து நீர், 'மவுத்வாஷ்' என்னும் பெயருடன் புட்டிகளில் விற்பனையாகிறது. "இதனைக் கொப்புளித்தால் பல் துலக்க வேண்டுவதில்லையே?" என்று மாணவர் சிலர் என்னை வினவியதுண்டு. அவ்வினாவுக்கு முதலில் விடை கண்டவர் மருத்துவர் அல்லர். ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரில் துணி வாணிகம் செய்த லேவன்ஹூக் என்பவர்.

தாமே செய்த கண்ணாடி வில்லைகளால் நுண்பொருள்களை நோக்குவதில் அவருக்குப் பேரார்வம். தம் பல்லிடுக்கில் படிந்த வெண்ணிற அழுக்கைச் சுரண்டி நோக்கியபோது, அதில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் திரியக் கண்டு வியந்தார். 1683-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அதனைக் கடிதமாக எழுதினார். அத்துடன் அவர் நின்றாரில்லை. கடுமையான காடியை வாயிலிட்டுக் கொப்புளித்துவிட்டு மீண்டும் சுரண்டிப் பார்த்தார். பல்லிடுக்கில் இருந்த உயிர்கள் முன்போலவே திரிந்தன! வெளியே எடுத்த அழுக்குடன் காடியைக் கலந்தபோதோ அவை மடிந்தன. வாயிலிருந்த காடி அழுக்கின் மேற்புறத்தைத் தாக்கியதேயன்றி உள்ளே புகவில்லை என்பது அவர் கண்ட முடிவு.

அம்முடிவு இன்றும் பொருந்தும். பல்லின்மேல் படியும் படலம் பசை போன்றது. அதனுள் வாழும் நுண்ணுயிர்கள் நாம் உண்ணும் இனிப்பை அமிலமாக மாற்ற, அவ்வமிலம் பல்லின் மேற்பூச்சைக் கரைக்கிறது. (எங்கள் பக்கத்துக் கருப்பட்டி பல்லுக்குத் தீங்கு செய்யாது என்பார் உளர், அதுவும் சர்க்கரையே.) அப்படலத்தைத் தேய்த்தே அகற்றுதல் வேண்டும். வேப்பங்குச்சியின் நுனியை மென்று தூரிகையாக்கிய நம் முன்னோர் இதனை அறிந்தே இருந்தனர். செங்கற்பொடியும் சாம்பலும் கொண்டு தேய்த்தது மட்டும் பொருந்தாது. அவை பல்லையே தேய்த்துவிடும்.

அங்ஙனமாயின் மருந்து நீரால் பயனே இல்லையோ? உண்டு. ஃப்ளூரைடு கலந்த நீர் பல்லின் மேற்பூச்சுக்கு வலிமை தரும். ஆனால் பற்பசையால் துலக்கிய உடனே இதைக் கொப்புளித்தால், பற்பசை விட்டுச்சென்ற ஃப்ளூரைடு கழுவப்பட்டுவிடும். வேறொரு வேளையில் கொப்புளித்து, அரைமணி நேரம் எதுவும் உண்ணாதிருத்தல் நன்று. குளோர்ஹெக்சிடின் கலந்தது ஈறு நோய்க்கு மருத்துவர் தருவது. நெடுநாள் பயன்படுத்தினால் பற்களில் பழுப்புக் கறை ஏறும், சுவையும் மாறும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் விழுங்கிவிடக்கூடுமாதலால், அவர்களுக்கு இவை ஆகா.

1879-இல் அமெரிக்காவில் ஜோசப் லாரன்ஸ் என்ற மருத்துவர் உருவாக்கிய லிஸ்டரின், தொடக்கத்தில் அறுவை மருத்துவத்துக்குரிய கிருமிநாசினியே. 1920-களில் வாய்நாற்றத்தைப் பற்றிய அச்சத்தை விளம்பரங்களால் பரப்பியே அதன் விற்பனையைப் பெருக்கினர். அவ்வச்சம் இன்னும் தீர்ந்தபாடில்லை.

நான் பணியாற்றிய பள்ளியொன்றில் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் கையால் வாயை மறைத்தே பேசுவான். நாற்றத்துக்கு நாணி நாள்தோறும் மருந்து நீர் கொப்புளித்து வந்தான். சில வாரங்கள் நாற்றம் மறைந்தது; பின்னர்க் கன்னம் வீங்கிற்று. கடைவாய்ப்பல் ஒன்று வேர்வரை சொத்தையாகியிருந்தது. அதைப் பிடுங்க நேர்ந்தது. குழியில் உறைந்த இரத்தம் கலையாதிருக்க முதல் நாள் எதனாலும் கொப்புளித்தலாகாது என்றும், மறுநாள் முதல் ஒரு தம்ளர் வெந்நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டு மெல்லக் கொப்புளிக்கலாம் என்றும் மருத்துவர் சொல்லியனுப்பினார்.

நாற்றத்தை மறைப்பது நோயையும் மறைக்கும் என்பதை வீட்டில் வெற்றிலையோடு புகையிலை போடும் பெரியவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். வாயில் ஆறாத புண்ணோ வெண்படையோ இரண்டு வாரத்துக்கு மேல் நின்றால், எந்த நீரைக் கொப்புளித்தும் காலம் தாழ்த்தாமல் பல் மருத்துவரிடம் அவர்களை அழைத்துச் செல்லுங்கள்.