மனை, வரி, காத்திருத்தல்

'வீட்டு விலை ஏன் இப்படி ஏறுது?' என்று கேட்டால் கிழக்குத் தாம்பரத்து டீக்கடையில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: 'ஜனம் வந்துக்கிட்டே இருக்கு சார், நிலம் வளருமா?' பொருளாதாரப் பாடநூல் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். தேவை கூடுகிறது, அளிப்பு கூடவில்லை, ஆகவே விலை. டீக்கடையும் பாடநூலும் இவ்வளவு ஒத்துப்போகிற இடத்தில் சற்று சந்தேகப்படுவது நல்லது. 'இயற்கை' என்று நம் முன் வைக்கப்படுவதற்குள் யாரோ எடுத்த முடிவுகள் ஒளிந்திருப்பது வழக்கம்.

ஜனம் வந்தது உண்மை. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில், 1984இல் மெப்ஸ், 2000இல் தரமணியில் டைடல் பார்க், 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் என ஒவ்வொன்றும் தேவையைத் தெற்கே தள்ளிக்கொண்டு வந்தது. இவற்றில் பெரும்பாலானவை பொதுப்பணத்தில் வந்தவை. ஏறிய விலையோ பக்கத்து மனைக்காரருக்குப் போனது. அதற்காக அவர் செய்த வேலை, விற்காமல் இருந்தது. ரிக்கார்டோ 1817இல் 'வாரம்' பற்றி எழுதியதும், நில மதிப்பின் மீது மட்டும் வரி போட்டால் போதும் என்று 1879இல் ஹென்றி ஜார்ஜ் வாதாடியதும் இந்த உழைக்காத வருமானத்தைக் குறித்துத்தான்.

நிலம் வளராது, சரி. ஆனால் மண்ணின் அளவு வேறு, விற்பனைக்கு வரும் மண்ணின் அளவு வேறு. சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் நடந்து பாருங்கள்: வீடுகளுக்கு நடுவே கல் நட்டு, கம்பி வேலி போட்டு, சீமைக்கருவேலம் மண்டிய மனைகள். இவை சந்தைக்கு வராத அளிப்பு. ஏன் வருவதில்லை?

வரி இரண்டு விதம். கைமாறும்போது விழுவது ஒன்று, முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும். கையில் வைத்திருப்பதற்காக விழுவது மற்றொன்று. முதலாவதிலிருந்து தப்பிக்க விற்காமல் இருந்தால் போதும். இரண்டாவதிலிருந்து தப்ப முடியாது. நம் ஊரில் கனமானது முதலாவதுதான். வீடு கட்டினால் கட்டடப் பரப்பைப் பார்த்துச் சொத்துவரி வரும். காலிமனை வரியோ, ஏறுகிற விலைக்கு முன்னால் டீச் செலவு. சும்மா போட்டு வைப்பவருக்குச் சாதகமாகச் சட்டமே நிற்கிறது.

2017இல் நடந்ததைப் பார்ப்போம். வழிகாட்டி மதிப்பு என்பது தெருத்தெருவாக அரசு எழுதிவைத்திருக்கும் விலை. அந்த ஜூன் 9 முதல் அதை 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1இலிருந்து 4 சதவீதமாக்கினார்கள். வழிகாட்டிப்படி 30 லட்சம் என்றிருந்த ஒரு மனைக்கு முன்பு 7 சதவீதத் தீர்வையும் கட்டணமும் சேர்த்து 2,40,000 ரூபாய். பிறகு 20,10,000க்கு 11 சதவீதம், 2,21,100. மிச்சம் 18,900 ரூபாய். பத்திரத்தில் காட்டவேண்டிய தொகையோ 9,90,000 இறங்கிவிட்டது! எனக்குத் தெரிந்த பேரங்களில் விற்றவர் யாரும் விலையை இறக்கவில்லை. 'மீதியக் கேஷா குடுத்துடுங்க' என்றார்கள். வங்கி பத்திரத்தைப் பார்த்துத்தான் கடன் தரும். கறுப்பில் பத்து லட்சம் புரட்ட முடியாத மாதச் சம்பளக்காரர் அங்கேயே கழன்றுகொண்டார். 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய இடத்துக்கு ஏற்றி, கட்டணத்தை 2 சதவீதமாக்கியபோது அதே மனைக்கு 2,70,000. அதுவும் நீதிமன்றம் வரை போனது தனிக்கதை.

வரியைக் கட்டுவது யார் என்று சட்டம் சொல்லும். சுமப்பது யார் என்பதை அது தீர்மானிப்பதில்லை. பாடநூல் 'நெகிழ்ச்சி' என்று சொல்வதை நான் காத்திருக்கும் திராணி என்று புரிந்துகொள்கிறேன். பதினொரு மாத ஒப்பந்தத்தில், பிள்ளையின் பள்ளிக்கூடத்தைப் பார்த்து வீடு தேடுகிறவருக்கு அது கிடையாது. மாம்பலத்தில் சொந்த வீட்டில் இருந்துகொண்டு மாடம்பாக்கத்தில் மனை வைத்திருப்பவருக்கு உண்டு. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று உயர்நீதிமன்றம் தடை விதித்தபோதும் இதுவே நடந்தது. தடை நியாயமானது, ஏரியும் வயலும் மனையாவதை நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் தவணை கட்டி வாங்கிய மனையைக் கல்யாணச் செலவுக்கு விற்க இருந்தவர் மாட்டிக்கொண்டார்.

காத்திருக்க முடியாதவர் எங்கே போனார்? விலை படிந்த இடத்துக்கு, முடிச்சூருக்கும் வரதராஜபுரத்துக்கும், அடையாற்றின் வெள்ளப் பரப்புக்கு. டீக்கடைக்காரர் சொன்னது தப்பு. நிலம் வளரத்தான் செய்தது, தண்ணீருக்குள். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. அந்த வீடுகளுக்குள் படகு போனதைப் பார்த்தோம். மேட்டு மனைகளில் பல அன்றைக்கும் காலியாகத்தான் கிடந்தன.

காலிமனைக்குக் கனமாக வரி போடு என்றால் உடனே ஒரு கேள்வி வரும்: ரிட்டயர் ஆன கிளார்க், ஒற்றை மனையோடு நிற்கும் விதவை, இவர்கள் கதி? முதல் மனைக்கு விலக்கு தரலாம், விற்கும்போது வாங்கிக்கொள்ளலாம். வழி உண்டு, மனம்தான் இல்லை. அகரம்தென்னில் எனக்கும் அரை கிரவுண்டு கிடக்கிறது. போன மாதம் தரகர் போன் பண்ணினார்: 'இப்ப வேணாம் சார், இன்னும் ரெண்டு வருஷம் போட்டு வைங்க.' போட்டு வைத்திருக்கிறேன்.